ஹோமர் ப்ரோ: பெகு ஐஸ் ஃபேக்டரியின் டீசல் கணக்கைப் போட்டுப் பார்த்த கதை

ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்களுக்கும், ஏற்கெனவே வாங்கிவிட்டு டீசல் ஊற்றியே ஓய்ந்து போனவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஹோமர் ப்ரோ என்ற மென்பொருளை ஒரு வருடமாக வைத்துப் புழங்குகிறேன். ரங்கூனில் மோட்டார் வைண்டிங், பேனல் போர்டு, ஜெனரேட்டர் சர்வீஸ் என்று இருபது வருடத்துக்கு மேலாக ஓடும் தொழில் என்னுடையது, படிப்பு டிப்ளமாவோடு நின்றது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டரில் டீசல் எங்கே போகிறது என்று காட்டுவதில் இதற்கு இணையாக நான் வேறொன்றைப் பார்த்ததில்லை. மோட்டார் கிளம்புமா என்ற கேள்வியை மட்டும் இதனிடம் கேட்காதீர்கள், அதற்காகச் செய்த சாமான் இல்லை இது.

இங்கே கரண்ட் நிலவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021க்குப் பிறகு வருடா வருடம் மோசம். ரங்கூனையே ஏ, பி என்று பிரித்து முறை வைத்து விடுகிறார்கள். நாளுக்கு 8 மணி நேரம் வந்தால் அன்று நல்ல நாள். லைன் வந்ததும் தெருப் பிள்ளைகள் ‘மீ லா ப்யி’ என்று கத்துவார்கள், அந்தச் சத்தம் மாடி மாடியாக ஏறி வரும். மீ என்றால் பர்மிய மொழியில் நெருப்பு, விளக்கு, கரண்ட் எல்லாம்தான். ஜெனரேட்டர் அவர்களுக்கு மீசெக், எங்கள் வீட்டுத் தமிழிலும் பாதி நேரம் அதுதான்.

ஆக 16 மணி நேரம் மீசெக்தான். வருடத்துக்கு 5,840 மணி நேரம். ஜெனரேட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 8528 தரத்தில் ஸ்டாண்ட்பை என்று ஒரு வகை இருக்கிறது, அவசரத்துக்கு மட்டும் ஓட்டுவது, வருடத்துக்கு 200 மணி நேரம்தான் அதற்கு அளவு, அதுவும் சராசரி லோடு 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிரைம் என்பது வேறு வகை, தினமும் ஓட்டுவதற்கானது. இங்கே விற்கிற பல செட்டுகளின் நேம் பிளேட்டில் பெரிதாகப் போட்டிருப்பது ஸ்டாண்ட்பை எண்தான். வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டுக் கொண்டு போய் நாளுக்கு 16 மணி நேரம் ஓட்டுகிறார்.

இனி மாமாவின் கதைக்கு வருகிறேன். பெகுவில், ரங்கூனிலிருந்து 50 மைல், மாமாவுக்கு ஒரு சின்ன ஐஸ் ஃபேக்டரி. அவருடைய அப்பா காலத்துக் கட்டடம், பாளம் பாளமாக ஐஸ் எடுத்து மீன் வியாபாரிகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் போடுவது. 50 ஹெச்பி அம்மோனியா கம்ப்ரஸர் ஒன்று, உப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டார், பம்புகள், பாளத்தைத் தூக்கும் கிரேன், பின்னால் வீடு. சில வருடம் முன்பு ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, 50 ஹெச்பி கிளம்ப வேண்டுமே, 200 கேவிஏ போட்டால்தான் கவலையில்லை என்று சொல்லி விற்றுவிட்டுப் போனார். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட், ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. டீசல் மட்டும் நாளுக்கு 370 லிட்டர் குடித்தது. மாமா என்னைக் கூப்பிட்டது எஞ்சினில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்துத்தான். நான் போய்ப் பார்த்தால் எஞ்சினில் குறை ஒன்றுமில்லை, சைலென்சர் இணைப்புகளில் மட்டும் கறுப்பாக எண்ணெய் கசிந்து வடிந்திருந்தது. லோடே இல்லாமல் நெடுநேரம் ஓடுகிற எஞ்சினில்தான் அப்படி வரும். உள்ளே சூடு போதாமல் டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் வெளியேறும்.

“செட் பெருசு மாமா” என்றேன். “பெருசா இருந்தா நல்லதுதானப்பா, எஞ்சினுக்கு அலுப்பில்லாம ஓடும்” என்றார். ஊரில் எல்லாரும் நம்புவதும் அதுதான். வாயால் சொல்லி மாற்ற முடியாது, எண்ணாகக் காட்ட வேண்டும் என்று அப்போதுதான் ஹோமரைத் தேடிப் போனேன்.

ஹோமர் 1990களில் அமெரிக்க அரசின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் பீட்டர் லிலியன்தால் குழுவினர் உருவாக்கியது. லைன் போகாத கிராமங்களுக்கும் தீவுகளுக்கும் டீசல், சோலார், காற்றாலை, பேட்டரி இவற்றில் எதை எவ்வளவு வைத்தால் செலவு குறையும் என்று கணக்குப் போடத்தான் செய்தார்கள். 2009இல் அதற்கென்று தனி கம்பெனி வந்தது, 2019 இறுதியில் யுஎல் என்ற அமெரிக்கக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இந்த மணியில் லோடு எவ்வளவு, யார் கொடுப்பது, எவ்வளவு எரிபொருள் என்று பார்த்துக் கூட்டிக்கொண்டே போகும். பிறகு நீங்கள் கொடுத்த ஒவ்வொரு சேர்க்கைக்கும் அதே கணக்கைப் போட்டு, மொத்த ஆயுள் செலவு குறைந்ததை மேலே வைத்து வரிசைப்படுத்திக் காட்டும். நான் கையால் போட்டால் ஒரு மாதம் ஆகிற வேலையைச் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. விண்டோஸ் லேப்டாப் போதும்.

நீங்கள் லோடு கொடுத்தால்தான் அது வேலை செய்யும், முதல் சங்கடம் அங்கேதான். எத்தனை பேரிடம் லோடு கணக்கு இருக்கிறது? மோட்டாரின் நேம் பிளேட்டைக் கூட்டி எழுதிக் கொடுப்பார்கள், அது லோடு இல்லை. நான் வாட் காட்டும் வகைக் கிளாம்ப் மீட்டர் ஒன்றை மாமாவின் பேனலில் மாட்டிவிட்டு, மீசெக் பார்க்கும் பர்மியப் பையனிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் எழுதச் சொன்னேன். வெயில் காலத்தில் ஒரு வாரம், மழையில் ஒரு வாரம், குளிரில் ஒரு வாரம். தண்ணீர்த் திருவிழா வரும் ஏப்ரலில் ஐஸுக்கு இருக்கும் கிராக்கியும் ஆகஸ்டு மழையில் இருக்கும் கிராக்கியும் ஒன்றில்லை, அதனால் ஒரு வாரத்தை மட்டும் வைத்து வருடத்தை நிரப்பினால் கணக்கு தப்பிப் போகும். பையன் பர்மிய எண்ணில் எழுதியிருந்தான். பர்மிய 6ஐத் திருப்பிப் போட்டால் 9 மாதிரி இருக்கும். இரண்டு இடத்தில் அதை மாற்றிப் படித்து, நடு ராத்திரியில் 90 கிலோவாட் எப்படி வந்தது என்று நான் குழம்பி, பிறகு அவனையே பக்கத்தில் உட்கார வைத்து முழுதும் சரிபார்த்தேன். எழுதிய அளவில் தெரிந்தது இதுதான்: கம்ப்ரஸர் ஓடும்போது எல்லாம் சேர்த்து 50 கிலோவாட், கம்ப்ரஸர் நின்றால் 9. இடையில் ஒன்றுமே இல்லை. 200 கேவிஏ செட் என்றால் 160 கிலோவாட். அதாவது முழு வேகத்தில் வேலை நடக்கும்போதே அந்தச் செட்டில் மூன்றில் ஒரு பங்கு லோடு கூட இல்லை.

கரண்ட் போய் வருவதை ஹோமரில் கொடுக்க ஒரு பகுதி இருக்கிறது: வருடத்துக்குச் சராசரி எத்தனை தடவை போகும், திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, மனம் போன போக்கில் தடைகளைத் தூவிவிடும். மரம் விழுந்து லைன் அறுகிற நாட்டுக்கு அது பொருந்தும், முறை வைத்து விடுகிற நாட்டுக்குப் பொருந்தாது. நான் சுற்றிக்கொண்டு போனேன். ஹோமரில் 8,760 வரி கொண்ட லோடு கோப்பை நீங்களே ஏற்றலாம். கரண்ட் இருக்கும் மணிகளில் பூஜ்யம், இல்லாத மணிகளில் நோட்டில் எழுதிய லோடு என்று ஒரு கோப்பு தயார் பண்ணி, மின்வாரிய லைனே இல்லாத ஊர் மாதிரி ஓட்டினேன். மீசெக் மட்டும் என்ன தின்கிறது என்று சுத்தமாகத் தெரிந்தது. இங்கே இருப்பவர்கள் யாராவது பயன்படுத்தினால் இப்படியே செய்யுங்கள்.

இனி எரிபொருள் கோடு. இந்த மென்பொருளில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஜெனரேட்டர் டீசல் குடிப்பதை ஹோமர் ஒரு நேர்கோடாக வைத்திருக்கிறது. கோட்டின் ஒரு பகுதி லோடைப் பொறுத்தது, யூனிட்டுக்குச் சுமார் கால் லிட்டர். இன்னொரு பகுதி லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவது, சும்மா சுற்றுவதற்கே ஆகும் டீசல். இது செட்டின் மொத்தக் கொள்ளளவைப் பொறுத்தது, ஒரு கிலோவாட் கொள்ளளவுக்கு மணிக்கு சுமார் 0.08 லிட்டர். மேலே எவ்வளவு லோடு போடுகிறீர்கள் என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. பெரிய வீட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தாலும் முழு வீட்டையும் பெருக்க வேண்டும் இல்லையா, அது மாதிரி.

கம்பெனி டேட்டாஷீட் இருந்தால் அதிலிருக்கும் கால், அரை, முழு லோடு எண்களைக் கொடுத்தால் ஹோமரே கோட்டைப் போட்டுக்கொள்ளும். மாமாவின் பழைய செட்டுக்கு டேட்டாஷீட் ஏது? அளந்துதான் ஆக வேண்டும். வெளியே உள்ள அளவு தெரிகிற வெள்ளைக் கேன் ஒன்றை எடுத்து, லிட்டர் படியால் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு லிட்டருக்கும் காகிதப் பட்டையில் கோடு போட்டு ஒட்டி, டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டோம். முதல் தடவை 10 லிட்டர் 9 நிமிடத்தில் இறங்கிவிட்டது. மணிக்கு 66 லிட்டர், நடக்கவே நடக்காத கணக்கு. ரிட்டர்ன் லைன் நினைவுக்கு வர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. டீசல் எஞ்சினில் பம்பு இழுப்பது எல்லாம் எரிவதில்லை, மிச்சம் இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும். அந்தக் குழாயையும் அதே கேனுக்குள் விட்டால்தான் உண்மையில் எரிந்தது தெரியும். மறுபடி அளந்தோம். கம்ப்ரஸர் ஓடும்போது 10 லிட்டர் இறங்க 22 நிமிடம், கம்ப்ரஸர் நின்றபோது 35 நிமிடம். மணிக்கு 27 லிட்டர், மணிக்கு 17 லிட்டர். மீசெக் ரூமில் நின்றுகொண்டு, காதில் பஞ்சோடு, பையனும் மாமாவும் நானும் அந்தக் காகிதப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 9 கிலோவாட்டுக்கு 17 லிட்டர். லிட்டருக்கு அரை யூனிட். ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தி சுமார் 10 யூனிட். மாமா ஒன்றும் பேசவில்லை, போய்க் கம்ப்ரஸரைப் போடச் சொன்னார்.

அந்த இரண்டு எண்ணையும் ஹோமரில் கொடுத்ததும் கோடு வந்துவிட்டது. சும்மா சுற்ற மட்டும் மணிக்கு 14.8 லிட்டர். அதை 5,840 மணியால் பெருக்கினால் வருடத்துக்கு 86,000 லிட்டர். மாமா வருடம் முழுதும் வாங்கும் டீசலில் நூற்றுக்கு 60க்கு மேல் ஐஸாக மாறவே இல்லை, எஞ்சின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் போயிருக்கிறது.

ஒரு இடத்தில் இரண்டு நாள் தடுமாறினேன், வாங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாமாவின் டீசல் பில்லைப் பார்த்தால் நாளுக்கு 370 லிட்டர், நோட்டுக் கணக்கிலும் 10 மணி நேரம் 27, 6 மணி நேரம் 17 என்று போட்டால் 372. ஹோமரோ 417 காட்டியது. இந்த 45 லிட்டர் எங்கிருந்து வந்தது? ஜெனரேட்டரை ஒரு குறைந்தபட்ச லோடுக்குக் கீழே ஓட்டக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் ஹோமர் 25 சதவீதத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறது. லோடு அதற்குக் கீழே போனால், ஜெனரேட்டரை 25 சதவீதத்திலேயே ஓட்டி மிச்சத்தை வீண் மின்சாரம் என்று எழுதிவிடும். 160இல் கால் பங்கு 40 கிலோவாட், அதற்கு மணிக்கு 24 லிட்டருக்கு மேல். உண்மையில் நம் ஆட்கள் 6 சதவீத லோடிலும் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்த எண்ணைப் பூஜ்யமாக்கினேன், 372 வந்து உட்கார்ந்தது. இப்போது என் வழக்கம் என்னவென்றால், நடப்பதை நகலெடுக்க ஒரு தடவை பூஜ்யத்தில் ஓட்டுவேன், பில்லோடு பொருந்தியது என்றால் அப்புறம் 30 சதவீதம் போட்டு, இனி எப்படி நடக்க வேண்டும் என்பதை ஓட்டுவேன். பில்லோடு பொருந்தாத மாடலை வைத்து யாருக்கும் நான் யோசனை சொல்வதில்லை.

முன்கூட்டிப் போட்டு வைத்திருக்கும் மற்ற எண்களையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். திட்டத்தின் ஆயுள் 25 வருடம், வட்டி 8 சதவீதம், விலையேற்றம் 2 சதவீதம் என்று இருக்கும். நிலையான நாட்டுக்கு அது சரி. இங்கே 25 வருடத்துக்குக் கணக்குப் போட யாருக்கும் தெம்பில்லை, நான் 5 வருடம்தான் போடுகிறேன். ஜெனரேட்டர் ஆயுள் 15,000 மணி நேரம் என்று இருக்கும். 5,840ஆல் வகுத்தால் இரண்டரை வருடம். இந்த ஒரு எண்ணைப் பார்த்தே பலர் நிமிர்ந்து உட்காருகிறார்கள், ஏனென்றால் செட் என்றால் பத்து இருபது வருடம் என்றுதான் மனதில் இருக்கிறது. பராமரிப்பு மணிக்கு எவ்வளவு என்று கேட்கும் இடத்தில், 250 மணிக்கு ஒரு தரம் மாற்றும் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் விலையைக் கூட்டி 250ஆல் வகுத்துப் போடுங்கள்.

டீசல் விலைக்கு ஒரே எண் கொடுக்காமல் ஐந்து ஆறு எண் கொடுக்கலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. இந்த விலையில் இது லாபம், அந்த விலைக்கு மேலே போனால் அது லாபம் என்று படமாகவே வரைந்து காட்டும். மாதத்துக்கு மாதம் விலை ஆடுகிற ஊரில் ஒரே விலையை வைத்து எடுக்கிற முடிவுக்கு மதிப்பில்லை.

சோலார் பற்றியும் ஒரு விஷயம் இதில்தான் எனக்குத் தெளிந்தது. பெகுவின் இடத்தைக் காட்டினால் நாசா தரவிலிருந்து மாதச் சராசரி வெயிலை இறக்கிக்கொள்ளும். ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு மார்ச்சில் 6 யூனிட்டை ஒட்டி, ஜூலை ஆகஸ்டில் 4ஐ ஒட்டி. அதை வைத்து மணிவாரி வெயிலைத் தானே உருவாக்கிக்கொள்கிறது, ஆகவே பத்து நாள் விடாமல் அடிக்கும் எங்கள் மழையை அதில் தேடாதீர்கள். தெளிந்த விஷயம் வேறு: 200 கேவிஏ செட்டை வைத்துக்கொண்டு கூரையில் சோலார் போட்டால் டீசல் அதிகம் மிச்சமாகாது. லோடு 50, செட்டை 40 கிலோவாட்டுக்குக் கீழே இறக்கக்கூடாது என்றால் வெயில் எவ்வளவு அடித்தாலும் சோலாருக்குக் கிடைக்கும் இடம் 10 கிலோவாட்தான், மணிக்கு இரண்டரை லிட்டர். செட்டைச் சின்னதாக்கினால் அதே பலகைகள் 6 லிட்டருக்கு மேல் மிச்சம் பிடிக்கின்றன. சோலார் விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. முதலில் செட்டைச் சரி பண்ணுங்கள், பலகைகள் அப்புறம்.

ஐஸ் ஃபேக்டரிக்கென்றே செய்தது மாதிரி இன்னொரு வசதியும் உண்டு. தள்ளிப் போடக்கூடிய லோடு என்று தனியாகக் கொடுக்கலாம்: தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, ஐஸ் போடுவது மாதிரி, இன்றைக்குள் இவ்வளவு யூனிட் வேண்டும், எந்த மணியில் என்பது உன் விருப்பம் என்று. மாமாவின் உப்புத் தண்ணீர்த் தொட்டி கரண்ட் போய் நாலு மணி நேரத்தில் மைனஸ் 10லிருந்து மைனஸ் 6க்குத்தான் ஏறுகிறது. அந்த நாலு மணி நேரமும் கம்ப்ரஸரை மீசெக்கில் ஓட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. இதை நான் இன்னும் முழுதாக விளையாடிப் பார்க்கவில்லை, பார்த்த வரைக்கும் நம்பிக்கை தருகிறது.

இப்போது குறைக்கு வருகிறேன். ஹோமரிடம் 200, 125, 100, 80 என்று நாலு அளவைக் கொடுத்து, ஒவ்வொன்றோடும் கம்ப்ரஸர் நின்ற நேரத்துக்கு ஒரு சின்ன 15 கேவிஏயைச் சேர்த்து ஓட்டினேன். முதலிடம் 80ம் 15ம். கணக்குப்படி சரிதான், 64 கிலோவாட் செட்டில் 50 கிலோவாட் லோடு. மணிவாரியாகக் கூட்டிக் கழிக்கிற மென்பொருளுக்கு மோட்டார் கிளம்புகிற அந்த ஐந்தாறு வினாடி கண்ணில் படாது. வோல்டேஜ், ஃப்ரீக்வன்ஸி என்ற பேச்சே அதில் இல்லை. 50 ஹெச்பி மோட்டார் நேரடியாகக் கிளம்பினால் ஓடும் கரண்டைப் போல ஆறு ஏழு மடங்கு இழுக்கும், 300 கேவிஏ அளவுக்குப் போகும். முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பிவிட்டுப் பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டாவில் அது மூன்றில் ஒரு பங்காகிறது, நூற்றுக்குச் சற்று மேல். 80 கேவிஏ அதைத் தாங்குமா? ஹோமர் முதலிடம் கொடுத்ததை அப்படியே வாங்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது. இந்தக் குறை அதை எழுதியவர்கள் மறைத்த குறை இல்லை. அது வேறு வேலைக்கான கருவி என்பது தெரியாமல் வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதற்கு வேண்டியது சிமுலிங்க், மேட்லேப் என்ற மென்பொருளோடு வருவது, நொடிக்கு நொடி என்ன நடக்கிறது என்று ஓட்டிப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் படிக்கும் அக்கா மகள், கல்லூரி லைசென்ஸில் இருக்கும் மேட்லேபில் செய்து கொடுத்தாள். அதில் அவசர டீசல் ஜெனரேட்டரும் இண்டக்‌ஷன் மோட்டாரும் சேர்ந்த உதாரண மாடல் ஒன்று தயாராகவே வருகிறது: எஞ்சினும் அதன் வேகத்தைக் காக்கும் கவர்னரும் ஒரு பெட்டி, ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் காக்கும் எக்ஸைட்டேஷன் ஒரு பெட்டி, 2,250 ஹெச்பி மோட்டார் ஒன்று, வெளி லைனில் ஷார்ட் ஆகி பிரேக்கர் திறந்ததும் முழு லோடும் ஜெனரேட்டர் தலையில் விழுவதை வினாடியில் நூறில் ஒரு பங்காகக் காட்டும். அதில் 2,400 வோல்ட்டை எங்கள் 400 ஆக்கி, மோட்டாரையும் ஆல்டர்னேட்டரையும் சின்னதாக்கி, இரண்டு அளவுக்கும் ஓட்டினோம். 100 கேவிஏயில் ஸ்டார்-டெல்டாவோடு கிளம்பினால் வோல்டேஜ் 17 சதவீதம் இறங்கி ஏறியது. 80இல் 21க்கு மேல், ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறுகிற நொடியில் இன்னும் ஆழமாக ஒரு குழி, 30ஐ ஒட்டி. அந்த நொடியில் மற்ற மோட்டார்களின் காண்டாக்டர் சுவிட்ச் பிடியை விட்டுவிட்டால் பம்பு நிற்கும், அம்மோனியா அழுத்தம் ஏறும், அங்கே விளையாடக் கூடாது. கவர்னருக்கும் எக்ஸைட்டேஷனுக்கும் நாங்கள் கொடுத்த எண்கள் உதாரணத்தில் இருந்தவற்றை ஒட்டியவைதான். அதனால் 17 என்பதை அச்சடித்த எண்ணாக எடுக்காமல் இரண்டு செட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். 100ம் 15ம் என்று முடிவு செய்தோம், ஹோமரின் வரிசையில் இரண்டாவது. வருடச் செலவில் முதலிடத்துக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் கொஞ்சம்தான். கம்ப்ரஸரைப் பைபாஸ் வால்வைத் திறந்துவிட்டு லோடு இல்லாமல் கிளப்பிப் பிறகு மூடுவது என்று ஆட்களுக்குச் சொல்லிப் பழக்கினேன்.

இப்போது ஏழு மாதமாக ஓடுகிறது. ஹோமர் சொன்னது நாளுக்கு 209 லிட்டர். உண்மையில் ஆவது 225. சின்னச் செட் கணக்கில் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது, பெரியதும் மணிக்கு ஒரு லிட்டர் கூட. கம்ப்யூட்டர் சொன்னதற்கும் தொட்டியில் இறங்கியதற்கும் 16 லிட்டர் வித்தியாசம் என்பது என் தொழிலில் நான் எதிர்பார்த்ததைவிட ரொம்ப நெருக்கம். முன்பு 372 ஆன இடத்தில் இப்போது 225. பழைய 200ஐ ஒரு அரிசி மில்லுக்கு விற்றாயிற்று, அவர்களுக்கு 120 கிலோவாட் லோடு, அந்தச் செட்டுக்கு அதுதான் சரியான இடம். சைலென்சரில் கறுப்பு வடிவது நின்றுவிட்டது.

விலை, வாங்கும் வழி. ஹோமர் ப்ரோ சந்தா முறையில் வருகிறது, சில வசதிகளுக்குத் தனித் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். எங்கள் ஊர் கார்டுகளை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் பணம் கட்டுவது பெரிய பாடு, சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் மூலமாகத்தான் முடிந்தது. வெயில் தரவு இறக்க இணையம் வேண்டும், அதை நல்ல லைன் கிடைக்கிற அன்று ஒரே மூச்சில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இலவசப் பதிப்பு 2.68 என்று ஒன்று உண்டு. அதிலேயே எரிபொருள் கோடு, குறைந்தபட்ச லோடு, 8,760 மணிக் கணக்கு எல்லாம் இருக்கிறது, பழகிப் பார்க்க அது போதும். ஆங்கிலம் கொஞ்சம் வேண்டும், ஆனால் திரையில் படம் போட்டுக் காட்டுவதால் என் கடைப் பையன்களே பாதிக்கு மேல் புரிந்துகொண்டார்கள்.

யாருக்குத் தேவை? ஐஸ், அரிசி மில், எண்ணெய் ஆலை, ஆஸ்பத்திரி, ஓட்டல் மாதிரி மணிக்கு பத்து லிட்டருக்கு மேல் டீசல் போகிற இடங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன், அல்லது இதைத் தெரிந்த ஒருவரை வைத்து ஒரு தரம் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 5 கேவிஏ வைத்திருக்கும் டீக்கடைக்கும் வீட்டுக்கும் வேண்டாம், அவர்களுக்கு மேலே சொன்ன 0.08ம் கால் லிட்டரும் போதும், ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடலாம். செட் விற்கிற கடைக்காரர்கள் இதை வாங்கி வைத்து, வருகிறவருக்கு ஓட்டிக் காட்டினால் நாட்டில் எவ்வளவு டீசல் மிச்சமாகும் என்று அடிக்கடி யோசிக்கிறேன். சின்னச் செட் விற்றால் லாபம் குறையும் என்று தயங்குகிறார்கள் போல.

போன வாரம் எங்கள் வட்டாரக் கோயில் தர்மகர்த்தா வந்திருந்தார். தீமிதிக்கு முன்பு 60 கேவிஏ ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம், நன்கொடை சேர்ந்துவிட்டது, “நல்ல செட்டா ஒண்ணு பாத்துக் குடுப்பா” என்றார். வருடத்தில் பத்து நாள் அலங்கார விளக்கும் ஒலிபெருக்கியும், மற்ற நாளெல்லாம் கருவறை விளக்கு, நாலு ஃபேன், மடப்பள்ளியில் கிரைண்டர். “ஒரு வாரம் பொறுங்கண்ணே” என்று சொல்லி, கிளாம்ப் மீட்டரையும் புது நோட்டு ஒன்றையும் மடப்பள்ளிப் பையனிடம் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நோட்டில் முதல் பக்கத்திலேயே, சாதாரண எண்ணில் எழுதச் சொல்லிக் கோடு போட்டுக் கொடுத்தேன். நேற்று வரைக்கும் எழுதியதில் மிக அதிகமாக இருப்பது சனிக்கிழமை சாயங்காலம், 7 கிலோவாட்.